மூன்றாவது சுவிட்ச்

மிலான் நகரின் வடக்கோரம். மழை பிடித்த நவம்பர்.
சோதனைக் கூடத்து மேசைக்கு
மரப்பெட்டியில் வந்தது அது.
வைக்கோலை விலக்கினால்
கிரேக்கக் கோயில் தூண் ஒன்று,
முழங்கால் உயரம், மிட்டாய் நிறம்.
தூணின் தலையில் பாதி கடித்த பந்து.
பந்திலிருந்து இறங்கும் பச்சை ஏணி
தரைக்கு வரவில்லை.
பளிங்குபோல் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள்;
பளிங்கென்று யாரும் நம்பிவிடக் கூடாதென்று
ஓரத்தில் வேண்டுமென்றே உரித்து விட்டிருந்தது.

பதினெட்டு வருடமாக விளக்குகளைச்
சூடேற்றியும் நனைத்தும்
தலைகீழாகத் தொங்கவிட்டும் பார்ப்பவள் நான்.
எனக்கு விளக்கென்றால் நாலே கேள்வி:
சுடுமா, ஷாக் அடிக்குமா, தீப்பிடிக்குமா, சாயுமா.
அழகா என்று கேட்கப் படிவத்தில் இடமில்லை.

மூன்று பல்புகள்.
ஒன்று சுவரைப் பார்த்து எரிந்தது,
கோபித்துக்கொண்ட பிள்ளை மாதிரி.
ஒன்று ஏணிக்கு நிழல் போட மட்டும்
(ஏணியைவிட நிழல் நேராக இருந்தது).
மூன்றாவது கண்ணாடியே இல்லை,
மரத்தில் கடைந்து மஞ்சள் பூசியது.
சுவிட்சுகளும் மூன்று.
மூன்றாவதை அமுக்கினேன்.
டிக்.
அவ்வளவுதான்.
பின்பக்கம் கழற்றிப் பார்த்தால் ஒயரே இல்லை.

"சுவிட்ச் வேலை செய்யவில்லை.
நிராகரிக்கப்படுகிறது. து. மன்யாகி."

மறுநாளே வந்துவிட்டார் ஒத்தாவியானோ ப்ரெஸ்கி,
ஒரு காலில் நீலக் காலுறை,
மறு காலில் கட்டம் போட்டது.
"வேலை செய்கிறதே அம்மா, டிக் என்றதல்லவா?
ஐம்பது வருடமாக நமக்கு ஓதினார்கள்
உருவம் பயனுக்கு வேலைக்காரி என்று.
இவள் வேலைக்காரி இல்லை,
விருந்துக்கு வந்தவள்."

விருந்துக்கு வந்தவளுக்கும் எர்த் வேண்டும் என்றேன்.

அவர் உட்கார்ந்து விளக்கத் தொடங்கினார்.
தூண் ஏன் தூண் இல்லை,
பந்து எந்தச் சூரியனைக் கிண்டல் செய்கிறது,
ஏணி எந்தப் பழைய நம்பிக்கையின் மேற்கோள்.
மணி நாலரை. ஜன்னலில் மூடுபனி அப்பியது.
அவர் விளக்க விளக்க
அறை இருட்டிக்கொண்டே வந்தது.

அப்போதுதான் அதைப் போட்டேன், முதல் இரண்டையும்.
குடத்துக்குள் இட்டதுமில்லை, குன்றின்மேல் இட்டதுமில்லை.
குன்றுபோல் வெட்டிய அட்டைக்கும்
என் அலமாரிக்கும் நடுவே
வெளிச்சம்,
நேற்று சொன்ன நகைச்சுவை
இன்று புரிந்தவன்போல்
தானாகச் சிரித்துக்கொண்டிருந்தது.
நல்லவேளை, அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பேரம் பேசினோம்.
சுவிட்ச்: இரண்டு. அலங்காரம்: ஒன்று.
வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.
நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.
"அலங்காரம்! என் பேராசிரியரிடம்
இந்தச் சொல்லைச் சொன்னால்
வகுப்பைவிட்டு வெளியே நிற்க வேண்டும்.
அரசாங்க முத்திரையோடு எழுதித் தாருங்கள்,
சட்டம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்."
முத்திரை குத்திக் கொடுத்தேன்.
மை சற்று அதிகம்.

விதிப்படி இரண்டு மாதிரி.
ஒன்றை உடைத்தோம்;
ஏணி கடைசிவரை உடையவில்லை.
மற்றதை யாரும் கேட்டு வரவில்லை,
என் மேசை ஓரத்திலேயே நிற்கிறது.

தினமும் கிளம்பும்போது
பலகையிலுள்ள பதினொரு சுவிட்சுகளையும் அணைப்பேன்.
கோட்டு போட்டபின், குடை எடுத்தபின்,
அந்த மூன்றாவதையும் ஒருமுறை.
டிக்.

துடைக்க வரும் கெசுவினோ ஒருநாள் பார்த்துவிட்டார்.
"அதற்குக் கனெக்ஷனே இல்லையே அம்மா."
தெரியும்.
"பின்னே?"

வாளியைக் கீழே வைத்தார்.
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு
அவரும் அமுக்கினார்.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.
கூரையில் டியூப்லைட்,
ஏற்கெனவே அணைத்தது.